நோயாளி என்னும் வாசகன்

1

இரண்டு வருஷங்களுக்கு முன்பு என் கழுத்தில், தைராய்டு சுரப்பியில், சிறு கட்டி ஒன்று இருப்பதைக் கண்டார்கள். ஊசி வைத்து உறிஞ்சிச் சோதித்துவிட வேண்டும் என்றார் டாக்டர். இதைச் சொல்ல அவருக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. வெளியே பெஞ்சுகளில் நாற்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். அன்றிரவு பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிவரை செல்போனில் வாசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நான்கு மாதம் சோதனைக்குப் போகவில்லை.

எதை நம்பிப் போகாமலிருந்தேன் என்பதைவிட, எதனால் நம்பினேன் என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. அந்த இரவில் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் பார்த்திருப்பேன். ஆஸ்பத்திரிகள் வெளியிட்டவை, அரசாங்கங்கள் வெளியிட்டவை எல்லாம் அவற்றில் இருந்தன. அவற்றின் மொழி எனக்கு ஒட்டவில்லை. யாருமே பேசாத, செயப்பாட்டு வினைகளால் கட்டப்பட்ட மொழி. நான் நம்பியது ஒரு பெண்மணி தன் கதையைத் தன்மையில் எழுதியிருந்த பக்கத்தை. அவளுக்கும் கழுத்தில் கட்டி. ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம் என்று முடிவு செய்து, உணவை மாற்றிக் கட்டியைக் கரைத்ததாகச் சொல்லியிருந்தாள். நல்ல ஆங்கில உரைநடை. தேய்ந்த சொல் ஒன்றுகூட இல்லை. பயத்தை அவள் விவரித்திருந்த இடத்தில் நான் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்து, பத்து வருஷமாகக் கவிதை விமர்சனம் எழுதி வருகிறவன் நான். போலியான அனுபவத்தை ஒரு வாக்கியத்தில் மோப்பம் பிடித்துவிடுவேன் என்று இந்தப் பக்கங்களிலேயே பெருமை பேசியிருக்கிறேன். நான் படித்த படிப்புத்தான் அன்றைக்கு என்னை ஏமாற்றியது என்று இப்போது தோன்றுகிறது. அவள் எழுத்து உண்மையானது என்பதிலிருந்து அவள் சொன்ன வைத்தியம் உண்மையானது என்ற இடத்துக்கு எப்போது தாண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் கிளையில் தலைமைக் கேஷியர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. டிபன் வேளையில் ஒருநாள் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க, எப்படி இருக்காங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. எந்த ஊர், எந்த வருஷம் எழுதியது, எதுவும் நான் பார்த்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தின் பெயரே நினைவிலில்லை. மறுவாரம் சோதனைக்குப் போனேன். தீங்கில்லாத கட்டி என்று வந்தது. என் வாசிப்பு சரியாக இருந்தது என்று இதற்கு அர்த்தமில்லை, அதிர்ஷ்டம், அவ்வளவே.

2

என்னைப் போன்ற வாசகன் எப்போது தோன்றினான் என்று பார்க்க விரும்பினேன். வைத்தியரிடம் போவதற்கு முன்போ, போய்வந்த பிறகோ, வேறொரு எழுத்தை எடுத்துவைத்துக்கொண்டு வைத்தியரைச் சரிபார்க்கிறவன்.

ஆங்கிலேயர்களிடையே இதற்கு ஒரு வருஷத்தைக் குறிக்க வேண்டுமென்றால் 1649ஐக் குறிக்கலாம். லண்டன் மருத்துவர் கல்லூரி 1618இல் லத்தீனில் வெளியிட்ட மருந்துநூலை அந்த வருஷம் நிக்கலஸ் கல்பெப்பர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மருந்துக் கடையில் தொழில் பழகியவர். உள்நாட்டு யுத்தத்தில் பார்லிமெண்ட் பக்கம் நின்று காயம்பட்டவர். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். லத்தீன் தெரிந்த சிலரின் உடைமையாக மருந்து இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. 1652இல் அவருடைய மூலிகை நூல் வந்தது. இன்றுவரை அச்சில் இருக்கிறது.

மொழிக்காக நின்றவன் என்பதால் கல்பெப்பர் மீது நமக்குப் பிரியம் ஏற்படுவது இயல்பு. ஆனால் அதே நூலில் ஒவ்வொரு மூலிகைக்கும் ஒரு கிரகம் அதிபதி. இந்தச் செடி செவ்வாயுடையது, அந்தச் செடி சுக்கிரனுடையது என்றுதான் அவருடைய சிகிச்சைத் தர்க்கம் நடக்கிறது. ஸ்தாபனத்தின் பூட்டை உடைத்த அதே கைதான் சோதிடத்தையும் சேர்த்துக் கொடுத்தது. வாசகனுக்கு இரண்டும் ஒரே அட்டைக்குள், ஒரே ஆங்கிலத்தில், ஒரே தைரியமான குரலில் கிடைத்தன. பிரித்துப் பார்க்க அவனிடம் என்ன இருந்தது? குரல்தான் இருந்தது. கல்பெப்பர் 1654இல், 37 வயதில் இறந்தார். அதற்குப் பிறகும் அவர் பெயரில் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன.

3

இதே குரல் இரண்டு நூற்றாண்டு கழித்து வியாபாரமானது. அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் மாநிலத்து லின் என்ற ஊரில், 1875 முதல் லிடியா பிங்கம் என்ற பெண்மணி பெண்களின் உபாதைகளுக்கென்று மூலிகைக் கஷாயம் ஒன்றை விற்கத் தொடங்கினாள். தன் வீட்டு அடுப்பில் காய்ச்சியது. அதில் நூற்றுக்கு 18 பங்கு சாராயம். பாட்டிலிலும் விளம்பரத்திலும் அவள் முகம் இருந்தது. வெள்ளைக் கழுத்துப்பட்டி, அமைதியான கண்கள், பாட்டி ஆகப்போகிற வயது. உங்கள் நோயைப் பற்றி எனக்கு எழுதுங்கள் என்று அழைத்தது விளம்பரம். கடிதங்களை ஆண்கள் பார்க்கமாட்டார்கள் என்ற உறுதிமொழியும் உண்டு.

எழுதினார்கள். நலமடைந்ததாகச் சொன்னவர்களின் கடிதங்கள் பெயரோடும் ஊரோடும் பத்திரிகைகளில் அச்சாயின. அவற்றைப் படித்து இன்னும் பலர் எழுதினார்கள். லிடியா பிங்கம் 1883இல் இறந்துவிட்டாள். எழுதுங்கள் என்ற அழைப்பு நிற்கவில்லை, பதில்களும் நிற்கவில்லை. 1905இல் ஒரு பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர் எட்வர்ட் பாக், லின் ஊர் இடுகாட்டில் இருந்த அவள் கல்லறைக் கல்லைப் படம் பிடித்து, இறந்த வருஷம் தெரியும்படி, அவளுக்கு எழுதச் சொல்லும் விளம்பரத்தின் பக்கத்திலேயே அச்சிட்டார். இதைவிடத் தெளிவான நிரூபணம் இருக்க முடியாது. பதில் எழுதுவது மருமகள், அவளும் திருமதி பிங்கம்தானே என்றது கம்பெனி. அந்த மருந்தின் விற்பனை உச்சத்தைத் தொட்டது அதற்கு இருபது வருஷம் கழித்து, 1925இல்.

இந்தப் பெண்களை அசடுகள் என்று சொல்லிவிட்டால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அவர்களுக்கு எதிரே இருந்தது என்ன என்று பார்க்க வேண்டும். 1872இல் ஜார்ஜியாவில் ராபர்ட் பேட்டி என்ற சர்ஜன், இன்னதென்று புலப்படாத பெண் உபாதைகளுக்காக, ஆரோக்கியமான சினைப்பைகளை வெட்டி எடுக்கத் தொடங்கினார். அந்த அறுவைக்கு அவர் பெயரே வந்தது. நாகரிகமாகப் பரவவும் செய்தது. பட்டம் பெற்ற மருத்துவம் வைத்திருந்த சிகிச்சைகளில் அதுவும் ஒன்று. சாராயம் கலந்த கஷாயமும் கேள்வி கேட்டால் பதில் எழுதும் ஒரு பெண்ணும் ஒருபக்கம். கேள்வியே கேட்கவிடாத, கத்தியோடு நிற்கும் ஓர் ஆண் மறுபக்கம். கல்லறைக் கல் பொய்யை நிரூபித்ததே தவிர, அந்தப் பொய் நிரப்பிக்கொண்டிருந்த காலியிடத்தை நிரப்பவில்லை.

4

நான் பாங்கில் பார்க்கும் வேலையில் ஒரு பகுதி செக்குகளைச் சரிபார்ப்பது. கையொப்பம் எங்களிடமுள்ள மாதிரியோடு ஒத்துப்போகிறதா, தேதி செல்லுமா, தொகை எழுத்திலும் எண்ணிலும் ஒன்றுதானா, திருத்தல் உண்டா. செக்கைக் கொடுத்தவர் முகம் நல்ல முகமா என்பது சரிபார்ப்பில் வராது. அதனாலேயே இந்த முறையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

இண்டர்நெட் பரவத் தொடங்கியபோது மருத்துவர்களும் இதைத்தான் செய்தார்கள். 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை ஒரு பக்கத்தை நம்பலாமா என்று பார்க்க நான்கு அளவுகோல்களை முன்வைத்தது. எழுதியவர் யார், எந்த ஆதாரத்திலிருந்து, பக்கம் யாருடைய பணத்தில் நடக்கிறது, எந்தத் தேதியில் எழுதியது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1996இல், ஜெனீவாவில் ஒரு ஸ்தாபனம் எட்டு விதிகள் வகுத்து, அவற்றுக்கு உட்படும் பக்கங்களுக்கு ஒரு முத்திரை வழங்க ஆரம்பித்திருந்தது. 1999இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பதினாறு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்தது. எல்லாம் நேர்மையான முயற்சிகள். என் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2002இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் குந்தர் ஐசன்பாக்கும் கிறிஸ்டியன் கோலரும் வேறு மாதிரி யோசித்தார்கள். சாதாரண ஜனங்கள் எப்படித்தான் தீர்மானிக்கிறார்கள்? முதலில் 21 பேரைக் குழுக்களாக உட்காரவைத்துக் கேட்டார்கள். எழுதியது யார் என்று பார்ப்போம், தொழில்நேர்த்தியான அமைப்பா, விஞ்ஞானத் தோரணை இருக்கிறதா, மொழி எப்படி என்றெல்லாம் பார்ப்போம் என்று பதில் வந்தது. பிறகு 17 பேரிடம் உடல்நலக் கேள்விகளைக் கொடுத்துத் தேடச் சொல்லி, திரையைக் கவனித்தார்கள். ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்கச் சராசரி 5 நிமிஷம் 42 விநாடி ஆயிற்று. பக்கத்தை நடத்துகிறவர்கள் யார் என்ற பகுதியைத் திறந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. விடையை எந்தப் பக்கத்தில் எடுத்தோம் என்பது, தேடி முடித்த கையோடு கேட்டபோதே, மிகச் சிலருக்குத்தான் நினைவிருந்தது.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அந்தக் கட்டுரையை வாசித்தபோது, இருபது வருஷம் முன்பே என்னை யாரோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்து எழுதிவிட்டதாகத் தோன்றியது. சரிபார்ப்பேன் என்று நானும் சொல்லியிருப்பேன். பொய்யாக அல்ல, மனதாரச் சொல்லியிருப்பேன். 2006இல் அமெரிக்காவில் ப்யூ நிறுவனம் எடுத்த கணக்கும் இதையே சொல்கிறது. இப்படித் தேடுகிறவர்களில் ஆதாரத்தையும் தேதியையும் எப்போதும் பார்ப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 15 பேர்தான். ஜெனீவா முத்திரை ஸ்தாபனம் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. இப்போது பார்ப்பதற்குப் பக்கம்கூட இருப்பதில்லை. கேள்வியைக் கேட்டால் இயந்திரம் பல பக்கங்களைக் கரைத்து ஒரே பதிலாக, முகமில்லாத, ஆனால் மிகவும் பரிவான மொழியில் கொடுத்துவிடுகிறது.

சரிபார்ப்பு மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டாலும் முடியவில்லை. 1998 பிப்ரவரியில் லான்செட் சஞ்சிகையில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பன்னிரண்டு பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. 12 குழந்தைகளைப் பார்த்ததை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற சந்தேகத்தைக் கிளப்பிய கட்டுரை. பெயர்கள் இருந்தன, லண்டன் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது, தேதி இருந்தது, உலகத்தின் மதிப்புக்குரிய சஞ்சிகை அது. தடுப்பூசிக் கம்பெனிகள்மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வக்கீல்கள் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்த விஷயம் மட்டும் அதில் இல்லை. பிரயன் டீர் என்ற பத்திரிகையாளர் 2004இல் அதைக் கண்டுபிடித்து எழுதினார். லான்செட் கட்டுரையை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில். நடுவே இங்கிலாந்தில் அந்தத் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகள் நூற்றுக்கு 92லிருந்து ஏறக்குறைய 80ஆகக் குறைந்திருந்தார்கள். எங்கள் பாஷையில், கையொப்பம் சரி, தேதி சரி, கணக்கில் பணமில்லை. செக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் அது தெரியாது. லெட்ஜரைத் திறக்க வேண்டும். லெட்ஜர் நோயாளியிடம் இல்லை.

5

நம்மைப் போன்றவர்கள், அதாவது இந்தப் பத்திரிகையை வாசிக்கிற முந்நூறு பேர், முக்கியமாக யோசிக்க வேண்டிய மனிதர் தாபோ ம்பெகி என்று நினைக்கிறேன். 1999 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் ஜனாதிபதி ஆனவர். இங்கிலாந்தில் பொருளாதாரம் படித்தவர். யேட்ஸையும் ஷேக்ஸ்பியரையும் மேற்கோள் காட்டிப் பேசுகிறவர். இரவில் தானே இண்டர்நெட்டில் உட்கார்ந்து வாசிக்கிற வழக்கம் உள்ளவர். 1999 அக்டோபர் 28 அன்று பார்லிமெண்டின் மேல்சபையில், எய்ட்ஸுக்குக் கொடுக்கும் ஏ.இஸட்.டி. மருந்து நச்சுத்தன்மை வாய்ந்தது என்று பேசினார். இதைப் பற்றி இண்டர்நெட்டில் ஏராளமாக இருக்கிறது, உறுப்பினர்கள் வாசித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அவர் வாசித்தவற்றில் முக்கியமானவை, எய்ட்ஸ் ஹெச்.ஐ.வி.யால் வருவதில்லை என்று வாதித்த ஒரு சிறு கோஷ்டியின் எழுத்துகள். அதில் பீட்டர் டூஸ்பர்க் இருந்தார். பெர்க்லி பேராசிரியர், வைரஸ் ஆராய்ச்சியில் உண்மையாகவே பெயர் பெற்றவர், பிறகு சகாக்களால் ஒதுக்கப்பட்டவர். பெயர், பட்டம், பல்கலைக்கழகம் எல்லாம் இருந்தன. அத்தோடு, விஞ்ஞான ஸ்தாபனம் முழுவதும் ஒருபுறம் நிற்க, தனியாக நின்று மறுக்கிறவன் என்ற கவர்ச்சியும் இருந்தது.

ம்பெகியின் சந்தேகத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. மருந்துகளை மலிவாக வாங்க வழிசெய்யும் சட்டம் கொண்டுவந்ததற்காக அவர் அரசாங்கத்தின்மேல் மருந்துக் கம்பெனிகள் 1998இல் வழக்குப் போட்டிருந்தன. 2001 ஏப்ரலில் அவை வாபஸ் வாங்கியபோது முப்பத்தொன்பது கம்பெனிகள் அந்த வழக்கில் இருந்தன. கறுப்பர்களின் உடம்பைப் பற்றி வெள்ளைக்காரர்களின் மருத்துவம் சொல்லிவந்ததை நம்பாமலிருக்க அவருடைய சரித்திரம் அவருக்கு நியாயம் கொடுத்திருந்தது. சந்தேகிக்கத் தெரிந்தவர். ஆனால் அந்தச் சந்தேகத்தை ஒரு பக்கம் மட்டுமே செலவழித்தார். ஸ்தாபனத்தின் எழுத்துக்கு வைத்த கேள்விகளைத் தனிக் குரலுக்கு வைக்கவில்லை.

2000 ஜூலையில் டர்பன் நகரில் எய்ட்ஸ் மாநாடு கூடியபோது, ஹெச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்று ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட அறிக்கை வெளிவந்தது. ம்பெகியிடம் அது பலிக்கவில்லை. ஐயாயிரம் கையெழுத்துகள் அவருக்கு ஸ்தாபனத்தின் பலமாகத்தான் தெரிந்திருக்கும். மருந்து தாமதமானது. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008இல் போட்ட கணக்குப்படி, 2000க்கும் 2005க்கும் இடையே காலத்தில் மருந்து கொடுக்காததால் போன உயிர்கள் 3,30,000க்கு மேல். நோயோடு பிறந்த குழந்தைகள் 35,000.

நான் ஒரு கட்டுரையைக்கூட ம்பெகியைப் போலத்தான் வாசிக்கிறேன். பெரும் பத்திரிகை ஒன்றை உயர்த்தினால் சந்தேகிக்கிறேன். இருநூறு பிரதி அடிக்கும் பத்திரிகையில் யாரோ ஒருவர் எல்லோரையும் எதிர்த்து எழுதினால் பாதி நம்பிவிட்டுத்தான் வாசிக்கவே ஆரம்பிக்கிறேன். இலக்கியத்தில் இந்தச் சார்பு பல தடவை சரியாகவே இருந்திருக்கிறது. கூட்டம் புகழ்ந்த நாவலை முப்பது பேர் நிராகரித்தது பின்னால் நியாயமாகியிருக்கிறது. ஆனால் இது ரசனையின் சரித்திரத்திலிருந்து கற்ற பாடம். இதே பாடத்தை வைத்துக்கொண்டு கழுத்துக் கட்டியை வாசித்தால் என்ன ஆகும் என்பதை முதல் பகுதியில் சொல்லிவிட்டேன்.

6

ம்பெகியின் தேசத்திலேயே வேறு வகை வாசிப்பும் நடந்தது. 1998 டிசம்பர் 10 அன்று கேப்டவுனில் ஸாக்கி அக்மாட்டும் வேறு சிலரும் சிகிச்சை நடவடிக்கை இயக்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊர்வலமும் வழக்கும் அதன் வெளியே தெரிந்த காரியங்கள். அதிகம் பேசப்படாத காரியம் வகுப்புகள். கயேலிட்ஷா போன்ற தகரக் குடிசைப் பகுதிகளில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்களும் வேலையில்லாத இளைஞர்களும் உட்கார்ந்து, தங்கள் மொழியில், வைரஸ் என்பது என்ன, ரத்தத்தில் எந்த அணு குறைகிறது, அதை எப்படி எண்ணுகிறார்கள், மருந்து எங்கே தடுக்கிறது, என்ன பக்க விளைவு வரும், மருந்துச் சோதனை என்றால் எப்படி நடக்கும் என்று கற்றார்கள். சிகிச்சைக் கல்வி என்று அதற்குப் பெயர்.

இவர்களும் மருந்துக் கம்பெனிகளை நம்பவில்லை; அவற்றை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள். அரசாங்கத்தையும் நம்பவில்லை, அதன்மேல் வழக்குப் போட்டு, கர்ப்பிணிகளுக்கு நெவிரபின் மருந்து கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தில் வாங்கினார்கள். ஆனால் மருந்தின்மேல் இருந்த கேள்வியைக் கம்பெனியின்மேல் இருந்த கோபத்தோடு அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. விலை அநியாயம், மருந்து வேலை செய்கிறது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவர்களால் முடிந்தது. ஒரு ஜனாதிபதியால் முடியாதது இது.

எப்படி முடிந்தது என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கும் காரணம் எளிமையானது. அவர்கள் தனியாக வாசிக்கவில்லை. 2001 மே மாதம் முதல் கயேலிட்ஷாவில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. மருந்து சாப்பிடுகிறவள் அடுத்த தெருவில் இருந்தாள். போன மாதம் படுக்கையில் கிடந்தவள் இந்த மாதம் தண்ணீர்க் குழாயடியில் நிற்பதைப் பார்க்க முடிந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் வெடித்தவளையும் பார்க்க முடிந்தது. நலமானவளின் கதையை மட்டும் தேர்ந்தெடுத்து அச்சிடும் கம்பெனி நடுவில் இல்லை. எங்கள் கேஷியர் கேட்ட கேள்வியை அங்கே யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

நோயாளிகள் போலியை ஏன் நம்புகிறார்கள் என்று மருத்துவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரிபார்க்கும் பட்டியல்களை நீட்டுகிறார்கள். நோயாளி அந்தப் பட்டியலோடு உட்கார்ந்திருப்பது நள்ளிரவில், தனியாக, பயத்தோடு. அந்த நேரத்தில் அவன் தேடுவது தகவலை மட்டுமல்ல, தன்னோடு பேசுகிற ஒருவரை. கல்பெப்பர் பேசினார், பிங்கம் பதில் எழுதினாள், என்னுடைய அந்தப் பெண்மணி தன் பயத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரியின் பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது, யாரும் இல்லை. நம்பகமான எழுத்தை எழுதிவைத்தால் போதும், நம்பிக்கை தானாக வந்து சேரும் என்ற எண்ணம் தோற்று இருபத்தைந்து வருஷமாகிறது. மூன்று நிமிஷத்தில் முடிந்துபோன அந்தப் பேச்சு பத்து நிமிஷம் நடந்திருந்தால் நான் அன்றிரவு வாசித்திருக்கமாட்டேன் என்று சொல்லமாட்டேன். வாசித்திருப்பேன். மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கேட்க ஓர் ஆள் இருந்திருக்கும்.

விமர்சகன் என்ற முறையில் எனக்கு மிஞ்சியது ஒரு சங்கடம். நல்ல உரைநடையை நான் இன்னும் நம்புகிறேன்; வேறு விதமாக வாசிக்க எனக்குத் தெரியாது. அதற்கு எந்த இடத்தில் அதிகாரமில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டிருக்கிறேன். கேஷியர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். கட்டி இன்னும் கழுத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கிறார்கள்.